இன்னொரு குழாய் ரத்தம்

1

இந்த ஊருக்கு வந்து இந்தச் சித்திரையோடு பத்து வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து என்னிடம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்டார்கள், இருக்கும் வீட்டுக்கு அத்தாட்சி கேட்டார்கள், ஞானராஜ் என்பதில் எது என் பெயர், எது குடும்பப் பெயர் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் கொடுத்தேன், சொன்னேன். போன மாதம் கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் கேட்டார்கள். அதை மட்டும் கொடுக்காமல் வந்தேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆம்பூரிலிருந்து கிளம்பும்போதே பெட்டி படுக்கையோடு சேர்த்துக் கொண்டுவந்தது. இங்கே இங்கிலாந்தில் அதற்கென்று தனி கிளினிக். அவ்வப்போது கூப்பிடுவார்கள். பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், கண்ணில் சொட்டு விடுவார்கள், ரத்தம் எடுப்பார்கள், குறை சொல்லி அனுப்புவார்கள். இந்த முறை நர்ஸ் வழக்கமான குழாய்களோடு இன்னொன்றையும் எடுத்து வைத்துவிட்டு, இது உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வெகு காலம் சர்க்கரை இருப்பவர்களுக்கு வயதாகும்போது ஞாபகம் தேய்வதற்கு மற்றவர்களைவிட வாய்ப்பு ஜாஸ்தி. தேய்கிறது என்று வீட்டில் உள்ளவர்கள் கண்டுபிடிப்பதற்குள் பாதி போய்விடுகிறது. ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரியலாம். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் வீக்கத்தின் தடயமாக இருக்கலாம், மூளையிலிருந்து கசிந்து வரும் புரதத் துணுக்காக இருக்கலாம். அது எது என்றுதான் தேடுகிறார்கள். அதற்காகப் பல பேரிடமிருந்து ரத்தம் சேர்க்கிறார்கள்.

என் ரத்தத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்வீர்களா என்று கேட்டேன். மாட்டோம் என்றாள். எந்த அடையாளத்தை நம்பலாம் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால் தனித்தனி ஆளைக் கூப்பிட்டுச் சொல்கிற கட்டம் வரவில்லை என்றாள். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சர்க்கரை அதிகம் என்பதால் எங்கள் ரத்தமும் சேர்ந்தால் நல்லது என்றும் சொன்னாள். எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் குடோனில் நாங்களும் ஆட்டுத்தோலை ஊர் வாரியாகத்தான் அடுக்குவோம். அது தோலின் நன்மைக்காக அல்ல.

யோசிக்கிறேன் என்று சொன்னதும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கத்தைக் காகிதத்தைக் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். காரணம் எதுவும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பவன்தான் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வான். காகிதத்தை மடித்து ஃபிரிட்ஜ் மேல் போட்டேன்.

ஆனால் என்னைக் குடைந்தது காகிதம் அல்ல. காத்திருக்கும் அறையில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னிடம் ஏன் கேட்டாள்? யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் என்று பட்டது. என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆள் இந்த நாட்டில் ஒருத்திதான் உண்டு, என் மனைவி.

2

நான் சந்தேகப் பிராணி என்று வீட்டில் சொல்வார்கள். அது தொழில் கொடுத்த புத்தி. ஆம்பூரில் ஒரு டேனரியில் நான் செலக்டராக இருந்தேன். பதனிட்டு வரும் தோலை ஒவ்வொன்றாக மேசையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உள்ளங்கையால் தடவி, இது ஒண்ணாம் நம்பர், இது மூணாம் நம்பர், இது தள்ளுபடி என்று பிரிக்கிற வேலை. ஆடு உயிரோடு இருந்தபோது வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த புள்ளி, உரித்தவனின் கத்தி ஆழமாக இறங்கிய இடம், எல்லாம் தோலில் இருக்கும். மேலே சாயம் ஏற்றிப் பளபளப்பாக்கி மறைத்திருப்பார்கள். செலக்டர் ஒரு தோலைப் பார்த்ததும் எவ்வளவு அழகு என்று நினைக்கக் கூடாது. இதில் எதை மறைத்திருக்கிறான் என்றுதான் நினைக்க வேண்டும்.

சாம்பிள் என்ற சொல்லே எனக்கு ஆகாது. வாங்க வருகிறவரிடம் நீட்டும் துண்டை முதுகின் நடுவிலிருந்து வெட்டுவோம். அங்கேதான் தோல் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கும், அங்கிருந்து யாரும் சாம்பிள் வெட்டியதில்லை. வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர்கள் அனுப்பும் ஆள், தான் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு தோலிலும் யார் கண்ணுக்கும் படாத ஒரு மூலையில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டுப் போவார். சரக்கு கப்பலேறிப் போய் இறங்கியதும் அங்கே புள்ளியைத் தேடுவார்கள். இல்லையென்றால் நடுவில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட இடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவனிடம் வந்து, முழங்கையில் எடுத்த ரத்தத்தை வைத்துத் தலைக்குள் நடப்பதைச் சொல்லப்போகிறோம் என்றால் எப்படி நம்புவது?

ரத்தத்தைப் பற்றி எனக்கு வேறு அனுபவமும் உண்டு. ஒரு மேசைக்கு இரண்டு செலக்டர். எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவர் ரஃபீக் பாய், என்னைவிட மூத்தவர், எனக்குத் தொழில் தோஸ்த். அவருக்கும் சர்க்கரை. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வேலூருக்கு டெஸ்ட்டுக்குப் போவோம். டேனரிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்றைக்குப் பாய்க்குத் தொழுகை என்பதால் சனிக்கிழமை அரை நாள் கேட்டுக்கொண்டு கிளம்புவோம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் எங்களைப் போன்ற யோக்கியர்கள் ஊரில் இருக்க மாட்டார்கள். பாகற்காய்ச் சாறு, கேழ்வரகுக் கஞ்சி, நடந்து நடந்து கால் வீக்கம். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரியாணி, அதற்கு மேல் பாகில் ஊறிய ஒரு மக்கன்பேடா. டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்பார். பாய் தலையைக் குனிந்துகொண்டு பணிவாக நிற்பார். அந்த நடிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பிறகுதான் மூன்று மாதத்துச் சர்க்கரையை மொத்தமாகச் சொல்லும் டெஸ்ட் வந்து எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டது. டாக்டர் அன்றைக்குச் சீட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. வெளியே வந்ததும் பாய் சொன்னார்: "ரத்தம் காட்டிக் குடுத்துடுச்சு ராஜு. இனிமே அத்த நம்பாத."

3

என் மனைவி சுகந்தி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஞாபகம் போனவர்களுக்கென்று அங்கே ஒரு தனிப் பகுதி, அதில்தான் இவளுக்கு வேலை. குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, இன்றைக்கு என்ன கிழமை என்று அவர்களுக்கு நினைவூட்டி வருவாள். வேலூரில் வாத்தியார் மகளாகப் பிறந்தவள், கேள்வி கேட்பது கூடப் பிறந்தது. அது வேலையோடு நின்றால் பரவாயில்லை. கொஞ்ச நாளாக வீட்டிலும் ஆரம்பித்திருந்தாள். காலையில் காபியை வைத்துவிட்டு, "இன்னைக்கு இன்னா கிழமைங்க, குப்பை வண்டி வருமா?" என்பாள். குப்பை வண்டி எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். நான் கிழமையைச் சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்கிறாள்.

அவள் பக்கத்துக் குற்றப்பத்திரிகையையும் சொல்லிவிடுகிறேன், பாரபட்சம் வேண்டாம். ஒருநாள் கடைத்தெருவுக்குக் காரில் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். கை நிறையப் பை, நிறுத்தத்தைத் தாண்டும்போது நம் பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன். யாருக்கும் நடக்கும். கிளினிக்கில் நர்ஸிடம் "சரிம்மா, வர்றேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். அது மரியாதை. தம்பி மகன் பெயர் ஃபோனில் வாயில் வரவில்லை. அவன் பெயரே வாயில் நுழையாத பெயர். இப்படி ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. சுகந்தி எதற்கும் பதில் கேட்கவில்லை என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மகள் ஜாய்ஸ் வேறு ஊரில் காலேஜில் படிக்கிறாள். அவளை இங்கே கூட்டிவந்தபோது ஒன்பது வயது. அவளுடைய தமிழ் அந்த ஒன்பது வயதிலேயே நின்றுவிட்டது. இங்கிலீஷில் பேசும்போது எனக்கு எட்டாத உயரத்தில் பேசுகிறாள், தமிழுக்கு வந்தால் ஃபிராக் போட்ட குழந்தையாகிவிடுகிறாள். வாரம் ஒருமுறை ஃபோன். அம்மாவோடு அரை மணி, என்னோடு சாப்பிட்டீங்களா அப்பா, குளிருதா அப்பா, பை அப்பா. நான் கிளினிக்கிலிருந்து வந்த வாரம் மட்டும் அவளாகவே என்னைக் கேட்டு வாங்கிப் பேசினாள்.

"அப்பா, அந்த ப்ளட் குடுத்துடுங்க அப்பா. ஒண்ணும் வலிக்காது."

ஊசி போட்டுக்கொள்ள அழும் பிள்ளைக்கு நான் சொன்ன அதே வார்த்தைகள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அம்மா என்றாள். அதற்கு முந்தின நாள் நான் கூடத்துக்குள் நுழைந்ததும் சுகந்தி ஃபோனில் குரலைத் தாழ்த்தியது ஞாபகம் வந்தது. பாருங்கள், எனக்கு வேண்டியது எல்லாம் நன்றாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே ஒரு தோல் வியாபாரியிடம் இப்போதும் தரம் பார்க்கிறவனாகத்தான் இருக்கிறேன். நான் ஒண்ணாம் நம்பர் என்றால் அது ஒண்ணாம் நம்பர், அதற்குத்தான் சம்பளம். இவனுக்குத் தலை போகிறது என்று ஒரு காகிதம் சொல்லிவிட்டால் நாளைக்கு என் கையை யார் நம்புவார்கள்? சொல்ல மாட்டோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். சொல்லாமல் வைத்துக்கொள்வதும் ஒரு பயம்தான். அதையெல்லாம் விடப் பெரிய பயம், அவர்கள் தேடுகிற அடையாளம் என்னிடம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது. ரஃபீக் பாய் போன வழியை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

4

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் தோலைப் பார்த்து நம்பர் சொல்லுவார். எதிரில் நிற்பவருக்குச் சரி என்றால் சாக்பீஸால் தோலின் பின்பக்கத்தில் அந்த நம்பரைப் போடுவார். சரியில்லை என்றால் தப்பு என்று சொல்ல மாட்டார். அந்தச் சொல்லையே அந்த மேசையில் யாரும் பேசியதில்லை. "திருப்பு" என்பார், அவ்வளவுதான். மூத்தவர் என்றால் "திருப்புங்க". நம்பர் சொன்னவர் தோலைத் திருப்பிப் போட்டு இன்னொரு தரம் தடவிப் பார்ப்பார். பெரும்பாலும் அவரே நம்பரை மாற்றிச் சொல்லிவிடுவார். யாருக்கும் அவமானம் இல்லை.

பாயிடம் நான் திருப்புங்க என்று சொல்ல வேண்டிய நிலைமையே வெகு காலம் இருந்ததில்லை. அவர் கை பட்டால் கையே சொல்லிவிடும் என்பார்கள். நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு ஆறேழு வருஷம் முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவர் ஒண்ணாம் நம்பர் என்று சொன்ன ஒரு தோலில், முதுகுத்தண்டை ஒட்டி விரல் நீளத்துக்குக் கத்தி வெட்டு இருந்தது. திருப்புங்க பாய் என்றேன். திருப்பினார். அந்த வெட்டின் மேலேயே உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார்.

"சுத்தமாத்தான் இருக்கு ராஜு," என்றார்.

இன்னொரு தரம் சொன்னேன். இன்னொரு தரம் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பெரிய மனுஷர், என் கல்யாணத்துக்குச் சமையலை முன்னால் நின்று பார்த்தவர். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து நான் திருப்புங்க என்று சொல்வதையே விட்டுவிட்டேன். அவர் என்ன நம்பர் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, சாக்பீஸால் என் நம்பரைப் போட்டு அனுப்பினேன். அவர் சாக்பீஸைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார். எனக்கு இன்றுவரை தெரியாது.

சுகர் ஜாஸ்தியாயிடுச்சு, அதான் பாய் இப்படி இருக்காரு என்று டேனரியில் எல்லோரும் சொன்னார்கள். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் ஆள் கொஞ்சம் தடுமாறுவது உண்டு, அதனால் யாருக்கும் வேறு எண்ணம் வரவில்லை. பிறகு ஒருநாள் வாணியம்பாடியில் மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று ஸ்டேஷனுக்குப் போனவர் எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏறி அரக்கோணம் போய்ச் சேர்ந்தார். அங்கே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவர் செருப்பைத் தொட்டுப் பார்த்து நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாராம். தெரிந்தவர் ஒருவர் பார்த்து அழைத்துவந்தார். நான் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். என்னை யாரோ தோல் வாங்க வந்தவர் என்று நினைத்து மரியாதையாகப் பேசினார்.

பாய்க்கு அந்த மழைக்காலத்துக்கு முன்னாலேயே யாராவது ரத்தத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன். நோய் நின்றிருக்காது. மருந்து என்று பெரிதாக எதுவும் இன்றைக்கும் இல்லை என்றுதான் நர்ஸும் சொன்னாள். ஆனால் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, சர்க்கரையை ஏற்றி இறக்காமல் வைத்திருக்கலாம். தெளிவாக இருந்த நாட்களில் செய்ய வேண்டியதைச் செய்திருக்கலாம். அல்லது முன்னாலேயே தெரிந்துபோய், மிச்சமிருந்த நல்ல நாட்களிலும் நிம்மதி இல்லாமல் போயிருக்கலாம். எது சரி என்று என்னால் நம்பர் போட முடியவில்லை.

5

என் மாத்திரைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. வாரத்தின் ஏழு நாளுக்கும் காலைக்கு ஒரு அறை, ராத்திரிக்கு ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் நானே உட்கார்ந்து நிரப்புவேன். பெரிய மாத்திரை காலையும் ராத்திரியும். சின்ன வெள்ளை மாத்திரை காலையில் மட்டும். சின்னதுதான் பொல்லாதது. ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு படுத்தால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அதனால் அதை நான் யாரையும் தொட விடுவதில்லை.

யாரோ தொடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. மூடியை நான் அழுத்தி மூடியிருப்பேன், பார்த்தால் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். டப்பாவை ஜன்னல் ஓரம் வைத்திருப்பேன், கொஞ்சம் தள்ளி இருக்கும். சுகந்தியைக் கேட்டால், தூசி துடைச்சேன் என்றாள். என் மாத்திரையில் இவள் என்ன செய்கிறாள்? முதியோர் இல்லத்தில் பழக்கமான எதையாவது எனக்குக் கலந்து கொடுக்கிறாளா என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நினைத்ததை நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரிந்த வித்தையைச் செய்தேன். டப்பாவில் போட்ட ஒவ்வொரு சின்ன மாத்திரையிலும் அடிப்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். மிச்சமெல்லாம் புள்ளி இல்லாமல் பாட்டிலில் இருந்தன. இரண்டு நாள் பொறுத்து, சுகந்தி வேலைக்குப் போன நேரத்தில், பாட்டிலை ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் கொட்டினேன். புள்ளி வைத்த மாத்திரைகள் பாட்டிலுக்குள் இருந்தன. ஒன்று அல்ல, பல.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சொல்கிறேன், திருட்டைப் பிடித்த சந்தோஷம். தட்டை அப்படியே மேசையில் வைத்துக்கொண்டு அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வந்தாள், கோட்டைக் கழற்றினாள், தட்டைப் பார்த்தாள். நான் புள்ளியைக் காட்டி, டப்பாவில் இருந்தது பாட்டிலுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் இருந்து நின்று நின்று அவள் கால் வீங்கியிருந்தது. "நான்தாங்க எடுத்துப் போட்டேன்," என்றாள். "ராத்திரி அறையில எல்லாம் சின்னது போட்டு வெச்சிருந்தீங்க."

நான் நம்பவில்லை. ஒரு தடவை கை மறந்து போயிருக்கும் என்றேன்.

"ஒரு தடவ இல்லீங்க. கிறிஸ்மஸுக்கு முன்னாடில இருந்து. சில வாரம் சரியா இருக்கும், சில வாரம் இருக்காது. நீங்க குளிக்கப் போனதும் பாத்து எடுத்துடுவேன்."

கிளினிக்கில் நீதான் சொன்னாயா என்று கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை என்றாள். சர்க்கரையும் வயதும் இருக்கும் எல்லோரிடமும் அந்த ரத்தத்தைக் கேட்கிறார்கள், அவளோடு வேலை செய்கிறவளின் புருஷனிடமும் கேட்டார்களாம். ஜாய்ஸிடம் சொன்னது நான் கிளினிக்கிலிருந்து வந்து கத்தியதை மட்டும். மாத்திரை விஷயம் பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

அவ்வளவு நாளும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவள் தட்டிலிருந்த மாத்திரைகளை விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரஃபீக் பாய் கிட்ட நீங்க சொன்னீங்களா?" என்றாள்.

அந்தக் கதையைக் கல்யாணமான புதிதிலிருந்து, பாய் வீட்டுப் பிரியாணியிலிருந்து, அரக்கோணம் ஸ்டேஷன் வரை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். எனக்கு இவள் மேல் கோபம் போய் பயம் வந்தது. எத்தனை வாரம் என் மேசையின் எதிர்ப்பக்கத்தில் இவள் சாக்பீஸோடு நின்றிருக்கிறாள், நான் பார்க்கவே இல்லை.

6

மறு வாரம் கிளினிக்குக்கு நானே ஃபோன் செய்து நேரம் வாங்கிப் போனேன். முதலில் டாக்டரிடம் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். சுகந்தி பக்கத்தில் இருந்தாள், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் பதறவில்லை. சர்க்கரை ஏறி இறங்குவதாலேயே இப்படி ஆகலாம், வேறு காரணமும் இருக்கலாம், ஞாபகத்துக்கென்று தனியாக உட்காரவைத்துச் சோதிக்கிற இடத்துக்கு அனுப்புகிறேன் என்றார். ரத்தத்தை மட்டும் பார்த்து இப்போதைக்கு எதையும் சொல்ல முடியாது என்று அவரும் சொன்னார். இந்தத் தடவை அவர் எதையும் மறைக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு அந்த நர்ஸிடம் போய்க் கையை நீட்டினேன். அந்த இன்னொரு குழாயையும் எடுத்துக்கொள் என்றேன். உறுதியா என்று கேட்டாள். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் கொண்டுபோயிருந்தேன். குழாய் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றவற்றில் இருந்த அதே நிறம்தான். என் பெயர் எழுதாமல் வெறும் எண் போட்ட ஒரு சீட்டை அதன் மேல் ஒட்டினாள். இது எனக்கு உதவாது என்று தெரியும். எங்கேயோ ஒரு மேசையில் யாரோ ஒரு ரஃபீக் பாயைக் கொஞ்சம் முன்னதாகப் பார்ப்பதற்கு உதவுமானால் உதவட்டும். உதவாவிட்டாலும் போகட்டும். முதுகிலிருந்து வெட்டாத ஒரு சாம்பிளை என் ஆயுளில் ஒரு தடவையாவது கொடுத்திருக்கிறேன்.

அன்று ராத்திரி ஜாய்ஸ் ஃபோனில் வந்தாள். கொடுத்துவிட்டேன் என்றேன். வலிச்சுதா அப்பா என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொன்னாள். வழக்கமாக அம்மாவிடம்தான் அதைச் சொல்லுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் டப்பாவையும் பாட்டில்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். சுகந்தியைக் கூப்பிட்டு, உட்காராதே, எதிர்ப்பக்கம் நில் என்றேன். எங்கள் மேசையின் வழக்கத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்ற வார்த்தை கூடாது. நான் பார்க்காதபோது எடுத்து மாற்றக் கூடாது. ஒரே ஒரு சொல்தான்.

நிதானமாக நிரப்பினேன். பெரியது காலையும் ராத்திரியும், சின்னது காலையில் மட்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே போட்டேன். முடித்ததும் ஒவ்வொரு அறையாக விரலை வைத்துச் சரிபார்த்தேன். டப்பாவை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவை என் பக்கமே தள்ளி, வெள்ளிக்கிழமை ராத்திரி அறையின் மேல் விரலை வைத்தாள்.

"திருப்புங்க," என்றாள்.

மூடியைத் திறந்து பார்த்தேன். பெரியது ஒன்று இருந்தது, சின்னது ஒன்று இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டி, விரலால் தடவிப் பார்த்தேன்.

"சுத்தமாத்தான் இருக்கு சுகந்தி," என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கையை நீட்டி அந்த மாத்திரையை எடுக்கவில்லை. எனக்குக் கொடுத்த வாக்குப்படி அதே இடத்தில் நின்றுகொண்டு சொன்னாள்:

"இன்னொரு தடவ திருப்புங்க."